ஸ்லீவ் தைக்கிறவளுக்கு ஸ்லீவ் ஒப்பரேஷன்: செய்யலாமா, விடலாமா?

தையல்கடை_விசுவமடு எழுதியது:

வணக்கம். விசுவமடுவில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 39, உயரம் 156 சென்ரிமீற்றர், எடை 104 கிலோ. சீனி வருத்தம் வந்து ஆறு வருடம். மூன்று மாதச் சராசரி கடைசியாகப் பார்த்தபோது 9.1. பிரஷருக்கும் குளுசை போடுகிறேன். இரவில் நான் விடுகிற குறட்டைக்கு மகள் பாயைச் சுருட்டிக்கொண்டு அம்மம்மாவின் அறைக்குப் போய்விட்டாள். முழங்கால் வேறு. காலையில் மெசினுக்கு முன்னால் இருந்தால், பின்னேரம் எழும்ப இரண்டு கையையும் மேசையில் ஊன்ற வேண்டும். நோ தாங்க முடியாத நாளில் கடையில் டைக்ளோபெனக் வாங்கிப் போடுகிறேன்.

என்னுடைய அளவு நாடா 60 அங்குலம். ஊரில் எல்லோருடைய இடுப்பையும் அதால் அளந்தவள், என்னுடையதை மட்டும் நாலு வருடமாக அளக்கவில்லை. போன மாதம் கதவைச் சாத்திவிட்டு அளந்தேன். 54. நாடாவில் இன்னும் ஆறு அங்குலம்தான் மிச்சம் என்று கண்ட பிறகுதான் கிளினிக்கில் வாய் திறந்தேன்.

புதிதாக வந்திருக்கிற டொக்டர் பிள்ளை பொறுமையாகக் கதைத்தார். கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். எடை குறைக்க ஸ்லீவ் என்று ஒரு ஒப்பரேஷனாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்லீவ் என்றால் சட்டைக் கை, இருபது வருடமாக நான் தைக்கிறது அதுதானே. பிறகு விளக்கமாகச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. வயிற்றுப் பையில் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாகப் பின் அடித்து மூடுவார்களாம். நான் தைக்கிற கை பிழைத்தால் பிரித்துத் தைக்கலாம். இதைப் பிரிக்க முடியாது. எறிந்த துண்டு எறிந்ததுதான்.

கடிதம் மூன்று கிழமையாக மெசின் லாச்சிக்குள் கிடக்கிறது.

காரணம் அம்மா. 2009 கடைசி யுத்தத்தில் நான் சித்திரை மாதமே கப்பலில் வெளியே வந்துவிட்டேன். அம்மா வைகாசி வரைக்கும் உள்ளே இருந்தவர். உப்பில்லாத கஞ்சிக்கு வரிசையில் நின்றவர். செட்டிகுளம் முகாமில் திரும்பக் கண்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் பிடித்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பானையின் அடி தெரியக் கூடாது. நான் போதும் என்றால் அம்மா இன்னும் ஒரு அகப்பை போடுவார். ஒப்பரேஷன் கதையை எடுத்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சோறில்லாமல் சனம் செத்ததைப் பாத்தனான். நீ சோறு தின்னேலாமல் இருக்கிறதுக்கு வயித்தை வெட்டப் போறியோ?"

எனக்குப் பதில் வரவில்லை. செய்தவர்கள், செய்யாமல் விட்டவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். விளம்பரக் கதை வேண்டாம்.

-----

பொய்க்கால்_கிளிநொச்சி எழுதியது:

தங்கச்சி, நான் செய்தவன். மூன்று வருடம் முடிந்துவிட்டது. நீங்கள் கேட்டபடி நல்லதும் கெட்டதும் சேர்த்துச் சொல்லுகிறேன்.

எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கால் போன பிறகுதான் எடை ஏறத் தொடங்கியது. 128 கிலோ வந்தபோது பொய்க்காலின் கிண்ணத்துக்குள் மிச்சக் கால் அழுந்திப் புண், புண் ஆறும்வரை காலைக் கழற்றிவிட்டு இருப்பு, இருந்த இடத்தில் சாப்பாடு, திரும்பவும் எடை. சீனியும் வந்ததும் டொக்டர் பயந்துவிட்டார். இந்தக் காலில் புண் ஆறாவிட்டால் முழங்காலும் போகும் என்றார். அதனால் நான் அதிகம் யோசிக்கவில்லை. உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது, யோசியுங்கள்.

கொழும்பில் அரச ஆஸ்பத்திரியில் செய்தேன், காசு போகவில்லை. ஆனால் முதல் கிளினிக்கில் இருந்து ஒப்பரேஷன் நாள் வரை 14 மாதம். அதற்குள் ஏழெட்டுத் தரம் கொழும்புக்கு இரவு பஸ். குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள், நித்திரையில் மூச்சு நிற்கிறதா என்று பார்த்தார்கள், மனநல டொக்டரிடமும் அனுப்பினார்கள். கடைசி இரண்டு கிழமை பாலும் சூப்பும்தான். ஈரல் கொழுத்துக் கிடந்தால் வயிற்றை மறைக்குமாம், அது சுருங்க வேண்டுமாம்.

ஒப்பரேஷன் ஐந்து சின்ன ஓட்டை. அன்று பின்னேரமே ஊன்றுகோலைத் தந்து எழுப்பிவிட்டார்கள். படுத்துக் கிடந்தால் கால் நரம்பில் இரத்தம் கட்டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று மிஸ்மார் விரட்டினார்கள். ஒற்றைக் காலோடு வார்டு முழுக்கச் சுற்றினேன். முதல் கிழமை மருந்து குடிக்கிற சின்னக் கப்பில்தான் தண்ணீர். ஒரு மிடறு கூடினாலும் நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருக்கும். பிறகு வடித்த கஞ்சி, மசித்த மீன், இரண்டாம் மாதம் அரை இடியப்பம். அரை இடியப்பத்தை அரை மணித்தியாலம் சாப்பிட்டேன்.

முதல் வருடத்தில் 128இல் இருந்து 86. சீனிக் குளுசை எல்லாவற்றையும் நிறுத்தினார்கள், ஒன்று மட்டும் இப்போது திரும்ப வந்திருக்கிறது. எடையும் 93க்கு ஏறிவிட்டது. பிழை என்னுடையது. இறைச்சி, மீன் கொஞ்சத்தில் நிறைந்துவிடும், ஐஸ்கிறீமும் மிக்சரும் எவ்வளவு என்றாலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். அந்த ஓட்டையை நானே கண்டுபிடித்தேன்.

கெட்டது: நாலாம் மாதம் தலைமயிர் கொட்டியது, பிறகு வந்துவிட்டது. நெஞ்செரிவு வந்தது, அது போகவே இல்லை. தினமும் ஒமிப்ரசோல், தலைக்கு இரண்டு தலகாணி. அப்புறம் யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று. எடை குறையக் குறைய மிச்சக் காலும் மெலிந்து பொய்க்கால் லொடலொட என்று ஆடத் தொடங்கியது. ஆறு சொக்ஸ் வரை போட்டு நடந்தேன். ஒரு வருடத்தில் மூன்று தரம் யாழ்ப்பாணம் போய்க் கிண்ணம் மாற்றினேன். எங்கள் பக்கம் கால் இல்லாதவர்கள் எத்தனை பேர், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் போனால் ஒன்று செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்து விட்டதும் பஸ் ஏறாதீர்கள். வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் 15 நாள் நின்றுவிட்டு வாருங்கள். நான் நின்றேன்.

-----

மதவடி எழுதியது:

இதெல்லாம் தேவையா அக்கா? எங்கள் ஆச்சிமார் குரக்கன் புட்டும் கீரையும் தின்று தொண்ணூறு வயது வரை வயலுக்குப் போனவர்கள். காலையில் வெறும் வயிற்றில் கொள்ளு அவித்த தண்ணீர், பின்னேரம் ஒரு மணித்தியால நடை. ஆறு மாதத்தில் பாருங்கள். கத்தி வைத்த உடம்பு பிறகு வேலைக்கு ஆகாது.

-----

வவுனியா_தாதி எழுதியது:

அக்கா, நான் ஒப்பரேஷன் தியேட்டரில் வேலை செய்கிறேன், ஆனால் இந்த ஒப்பரேஷன் எங்களிடம் நடக்கிறதில்லை. பிறகு சிக்கலோடு வருகிறவர்களைத்தான் வார்டில் கண்டிருக்கிறேன். அதனால் என் கண் கொஞ்சம் கெட்ட பக்கத்தில்தான் நிற்கும், அதைக் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் உங்கள் உடற்திணிவுச் சுட்டி, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற பி.எம்.ஐ., 42.7 வருகிறது. முந்தி இந்த ஒப்பரேஷனுக்கு 40, வேறு வருத்தம் இருந்தால் 35 என்று கணக்கு. அது 1991இல் போட்டது. 2022இல் அதை இறக்கி 35க்கு மேல் எவருக்கும், சீனி மாதிரி வருத்தம் இருந்தால் 30இலும் யோசிக்கலாம் என்றார்கள். ஆசிய உடம்புக்கு 27.5 என்றே வைத்தார்கள், எங்களுக்கு வயிற்றில் கொழுப்பு கெதியாகச் சேர்ந்து சீனி வந்துவிடுகிறது. ஆக எந்தக் கணக்கில் பார்த்தாலும் நீங்கள் உள்ளே. டொக்டர் சும்மா கடிதம் தரவில்லை.

மதவடித் தம்பிக்கு: ஆச்சிமார் 42இல் இருந்து இறங்கவில்லை, அவர்கள் அதற்கு ஏறவே இல்லை. இந்த அளவில் உடம்பே பழைய எடைக்காக அடம்பிடிக்கும், பசியைக் கூட்டும். அது வாய்க்கட்டுப்பாடு இல்லாத குறை இல்லை. ஸ்லீவில் வெட்டி எடுக்கிற மேல் பகுதியில்தான் பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் ஊறுகிறது. பை சின்னதாவது மட்டும் இல்லை, பசியும் குறைகிறது என்பது அதனால்தான்.

உயிர் ஆபத்து என்றால், பழகின இடத்தில் ஆயிரத்தில் ஒருவர் அளவு. பித்தப்பை எடுக்கிற ஒப்பரேஷனோடு ஒப்பிடலாம். நான் பயப்படுகிறது கசிவுக்கு. பின் அடித்த கோட்டில் ஒரு இடம் விட்டுக்கொடுத்தால் உள்ளே இருப்பது வயிற்றுக்குள் ஒழுகும். நூற்றில் ஒருவர் அளவுக்கு நடக்கும், பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள். காய்ச்சல், வயிற்று நோ, இடது தோளில் நோ, எல்லாவற்றுக்கும் முதல் நாடித் துடிப்பு 120க்கு மேல் ஓடும். கொழும்பில் இருந்தால் உடனே ஸ்கான் எடுத்துவிடுவார்கள். விசுவமடுவில் இரவு இரண்டு மணிக்கு அது வந்தால் கிளிநொச்சி, பிறகு யாழ்ப்பாணம், பிறகு கொழும்பு என்று அம்புலன்சில் நேரம் போய்விடும். கிளிநொச்சி அண்ணை சொன்ன 15 நாள் கணக்கு அதுதான்.

இன்னொன்று. பிறகு எப்போதாவது நாட்கணக்கில் விடாமல் சத்தி எடுத்தால் வீட்டில் இருக்காதீர்கள். உடம்பில் தயமின் என்ற பி1 இரண்டு மூன்று கிழமைக்குத்தான் சேமிப்பு. அது தீர்ந்தால் கண் இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், ஆள் குழம்பிவிடும், சில வேளை திரும்பாது. ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால் வாயைத் திறந்து "வயிறு வெட்டின ஆள், சேலைனுக்கு முதல் பி1 ஊசி போடுங்கோ" என்று சொல்லுங்கள். குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். தாதிமாருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

விற்றமின் குளுசை வாழ்நாள் முழுக்க. இரும்பு, பி12, கல்சியம், விற்றமின் டி. நீங்கள் சீனிக்கு மெற்போமின் போடுகிறீர்களென்றால் அதுவே பி12ஐக் குறைக்கிற மருந்து, இப்போதே ஒருக்கால் பாருங்கள். டைக்ளோபெனக்கைப் பற்றியும் டொக்டரிடம் சொல்லுங்கள். குடலை மாற்றித் தொடுக்கிற பைபாஸ் செய்தவர்கள் அதைத் தொடவே கூடாது, பொருத்தில் புண் வந்து ஓட்டை விழும். உங்களுக்கு ஏற்கனவே நெஞ்செரிவு இருந்தால் ஸ்லீவை விடப் பைபாஸ் நல்லது என்பார்கள், முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனக் இல்லாமல் முடியாது என்றால் ஸ்லீவ் பக்கம் சாய்வார்கள். இதை எல்லாம் மறைக்காமல் சொன்னால்தான் அவர்களால் முடிவெடுக்க முடியும்.

சீனி முற்றாகப் போகுமா என்றால், சுவீடனில் 1987இல் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களை வருடக் கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். ஒப்பரேஷன் செய்த சீனி நோயாளிகளில் இரண்டு வருடத்தில் 72 வீதம் பேருக்குச் சீனி விலகியிருந்தது. பத்து வருடத்தில் பார்த்தால் 36 வீதம். அப்போதைய ஒப்பரேஷன் முறைகள் வேறு, ஆனாலும் போக்கு அதுதான். வருத்தம் வந்து கனகாலம் ஆகாதவர்களுக்குப் பலன் கூட. செய்தவர்களில் இறந்தவர்கள் செய்யாதவர்களை விடக் குறைவு என்பதையும் அதே ஆய்வு காட்டியது. நீங்கள் ஆறாம் வருடம். பத்தாம் வருடம் வரை கடிதத்தை லாச்சிக்குள் வைத்தால் கணக்கு மாறும்.

முந்தி வயிற்றில் ஏதாவது ஒப்பரேஷன் அல்லது காயம் பட்டதா? அதை எழுதவில்லையே.

-----

முல்லை_ரொறன்ரோ எழுதியது:

தங்கச்சி, நான் முள்ளியவளை. இப்போது ரொறன்ரோ. 2017இல் பைபாஸ் செய்தேன். இங்கே மாகாணக் காப்புறுதியே கொடுக்கிறது, ஆனால் அதற்கு முதல் மாதக் கணக்காக உணவு ஆலோசகர், சமூக சேவகர் என்று வரிசை.

பைபாஸில் ஒரு முட்டை அளவுப் பையை மட்டும் விட்டுக் குடலைத் தூக்கி அதில் பொருத்துவார்கள். எனக்குச் சீனி இன்றுவரை இல்லை. ஆனால் முதல் வருடம் கோயிலில் வற்றாப்பளைப் பொங்கலை நினைத்துக்கொண்டு நாலு கரண்டி சர்க்கரைப் புக்கை சாப்பிட்டேன். கால் மணித்தியாலத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிற்றைப் புரட்டி, செருப்பு வைக்கிற இடத்தில் படுத்துவிட்டேன். இனிப்பு நேரே குடலுக்குள் விழுகிறதால் அப்படி. ஆட்கள் உரு வந்திருக்கிறது என்று விபூதி பூசினார்கள்.

தோல் தொங்கும், அதற்குத் தயாராக இருங்கள். கை அடியில் சட்டைக் கை மாதிரியே ஆடும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் இரும்பு குறைந்து இரண்டு தரம் ஊசி மூலம் ஏற்றினார்கள். கலியாண வீட்டில் "என்ன வருத்தமோ, இப்பிடி வத்திப் போனாய்" என்று கேட்காத ஆள் இல்லை. பிள்ளை பெறுகிற எண்ணம் இருந்தால் ஒன்றரை வருடமாவது தள்ளிப் போடச் சொல்லுவார்கள்.

கிழமைக்கு ஒரு ஊசி, செமாகுளூட்டைட், அதையும் கேட்டுப் பாருங்கள். என் மனிசர் அதில்தான் இருக்கிறார். 2021இல் வந்த ஆய்வில் 68 கிழமையில் சராசரி 15 வீதம் எடை இறங்கியது. ஒப்பரேஷனில் கால்வாசி, அதற்கு மேலும் இறங்கும். ஊசியை நிறுத்தினால் பெரும்பகுதி திரும்பி வரும், ஆகவே மாதா மாதம் காசு. கத்திக்குப் பயந்தவர்களுக்கு அது ஒரு வழி.

அம்மா விஷயம். நான் உள்ளே இருக்கவில்லை, என் அக்கா இருந்தவ. பிறகு இங்கே வந்து என்னோடு தங்கினா. நான் ஒப்பரேஷன் செய்து வந்த கிழமை, நான் இரண்டு கரண்டி தயிரோடு எழும்பினதைக் கண்டு எழும்பிப் போய்க் குளியலறைக்குள் அழுதா. எனக்கு அது ஒரு சாப்பாட்டு நேரம், அவவுக்கு அது வேறு ஒன்று. ஆறு மாதம் நாங்கள் ஒரே மேசையில் சாப்பிடவில்லை. அதைச் சரி பிழை என்று நான் சொல்ல மாட்டேன், அப்படித்தான் இருந்தது. அம்மாவுக்குத் தனியாகச் சமைத்துத் தனியாகப் பரிமாற வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முதலே பாருங்கள்.

-----

தையல்கடை_விசுவமடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

மதவடித் தம்பி, கோபம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முதல் குரக்கனும் நடையுமாக ஐந்து மாதத்தில் 11 கிலோ இறக்கினேன். அடுத்த வருடம் 14 கிலோ ஏறியது. கொள்ளுத் தண்ணீரும் குடித்தேன், வாயு பிடித்தது.

நெஞ்செரிவு எனக்கு இல்லை. டைக்ளோபெனக் பற்றிக் கேட்பேன், ஊசி பற்றியும் கேட்பேன். மகளுக்கு மார்கழியில் ஓ.எல். சோதனை. அது முடியும் வரை கொழும்பில் 15 நாள் நிற்க முடியாது. ஆனால் வரிசையே ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பெயரை இப்போதே கொடுக்கலாம் என்று விளங்கிவிட்டது. கடிதத்தை லாச்சியில் இருந்து எடுத்து கைப்பையில் வைத்திருக்கிறேன்.

ரொறன்ரோ அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். புக்கைக் கதைக்குச் சிரித்தார். மற்றதுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டுக்கு வழமை போல இன்னொரு அகப்பை எடுத்தவர், என் கோப்பைக்கு மேல் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அப்ப போட வேண்டாமோ?" என்று கேட்டார். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, அம்மா கேட்டுப் போட்டது அதுதான் முதல் தரம். நான் பாதி போடச் சொன்னேன்.

தாதித் தங்கச்சி கேட்ட கேள்வி. ஓம், காயம் பட்டது. புதுமாத்தளனில் செல் துண்டு வயிற்றில். கப்பலில் வெளியே வந்ததே அதனால்தான். திருகோணமலையில் வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள், குடலிலும் கொஞ்சம் வெட்டினதாகச் சொன்னார்கள். இது இந்த ஒப்பரேஷனுக்குத் தடையா?

-----

வவுனியா_தாதி எழுதியது:

தடை என்று இல்லை அக்கா. ஆனால் முக்கியம். திறந்த வயிற்றுக்குள் பிறகு குடல்கள் ஒன்றோடொன்று, சுவரோடும் ஒட்டிக் கிடக்கும். சின்ன ஓட்டையால் கமரா விடும்போது அந்த ஒட்டைப் பிரிக்க நேரம் எடுக்கும், சில வேளை ஓட்டை முறையை விட்டுத் திறக்க வேண்டி வரும். பைபாஸ் என்றால் குடலைத் தூக்க வேண்டும், அது இன்னும் கஷ்டம். உங்களுக்கு ஸ்லீவ் என்று டொக்டர் நினைத்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். முதல் கிளினிக்கிலேயே சொல்லுங்கள். உள்ளே இன்னும் துண்டு இருக்கிறதா என்று எக்ஸ்றே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்போது தந்த டயக்னோசிஸ் கார்ட் இருந்தால் கட்டாயம் கொண்டு போங்கள், எங்கே வெட்டினார்கள், எவ்வளவு வெட்டினார்கள் என்று அதில் இருக்கும்.

-----

தையல்கடை_விசுவமடு எழுதியது:

கார்ட் முகாமில் வெள்ளம் வந்தபோது போய்விட்டது. தழும்பு இருக்கிறது. தொப்புளுக்கு மேல் நாலு அங்குலம், கீழே மூன்றரை. நாடாவால் அளந்துதான் எழுதுகிறேன். 19 தையல்.